டார்க் சோல்ஸ் 2: திட்டிக்கொண்டே நான்காவது முறை

மூன்று டார்க் சோல்ஸ் கேம்களில் மூத்ததைக் கும்பிடுகிறார்கள், கடைக்குட்டியைக் கொஞ்சுகிறார்கள், நடுப்பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் "அதை விடு" என்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் டார்க் சோல்ஸ் 2-ஐ நான்காவது முறையாக முடித்தேன். முதல் பாகத்தை இரண்டு முறை முடித்திருக்கிறேன், மூன்றாவதையும் இரண்டு முறைதான். அதாவது, சரியில்லை என்று நானே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்த கேமைத்தான் அதிகமாக ஆடியிருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்கே இடிக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூன்றில் பலவீனமானது இதுதான். கடைசிப் பத்தியில் "உண்மையில் இதுதான் மூன்றிலும் சிறந்தது" என்று பல்டி அடிக்கப் போவதில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் 2009-இல் டீமன்ஸ் சோல்ஸ், 2011-இல் டார்க் சோல்ஸ், 2014 மார்ச்சில் டார்க் சோல்ஸ் 2, 2016-இல் டார்க் சோல்ஸ் 3 என்று வரிசையாக வெளியிட்டது. எதிரிகளைக் கொன்று சேர்க்கிற சோல்கள்தான் இங்கே காசு, லெவல் ஏற்றவும் அவைதான் வேண்டும். செத்தால் கையில் இருந்த சோல்கள் அத்தனையும் செத்த இடத்திலேயே விழும், நீங்கள் கடைசியாக உட்கார்ந்த பான்ஃபயர் என்ற இளைப்பாறும் நெருப்புக்குத் திரும்புவீர்கள், மறுபடி அங்கே போய் எடுக்க வேண்டும், போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் போனது போனதுதான். இந்த நான்கில் மூன்றை இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. டார்க் சோல்ஸ் 2-க்கு மட்டும் டொமோஹிரோ ஷிபுயாவும் யூய் தனிமுராவும் இயக்குநர்கள். மியாசாகி அப்போது பிளட்போர்ன் என்ற இன்னொரு கேமின் வேலையில் இருந்தார், இங்கே மேற்பார்வை மட்டும். உடனே எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: மியாசாகி இல்லை, அதனால் கேம் தேறவில்லை. எனக்கு இது சோம்பேறி விளக்கமாகத்தான் படுகிறது. அதே தனிமுரா மூன்றாவது பாகத்திலும் பிறகு எல்டன் ரிங்கிலும் இணை இயக்குநராக இருந்திருக்கிறார், அவற்றை யாரும் குறை சொல்வதில்லையே.

வேடிக்கை என்னவென்றால், வெளிவந்த சமயத்தில் விமர்சகர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக்கில் சராசரி 90-ஐத் தாண்டியது, முதல் பாகத்துக்குக் கிடைத்ததைவிட ஓரிரு புள்ளி கூடுதல். மதிப்பெண் பார்த்தால் இதுதான் வகுப்பில் முதல். ஆனால் வருடங்கள் போகப் போக ஆடியவர்களின் மனதில் இது கீழே கீழே போனது. அப்படி இறங்கிய விதம்தான் எனக்குச் சுவாரசியம், ஏனென்றால் என் மனதிலும் அதேதான் நடந்தது. முதல் முறை முடித்தபோது "அருமை" என்றேன். ஒரு வருடம் கழித்து யோசித்தால் அதில் ஒரு இடம்கூடச் சரியாக ஞாபகத்துக்கு வரவில்லை. முதல் பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவேன்.

சரி, அந்த லிஃப்டுக்கு வருவோம். இதைச் சொல்லாமல் டார்க் சோல்ஸ் 2 பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

எர்தன் பீக் என்று ஒரு காற்றாலைக் கோபுரம். உள்ளே முழுக்க விஷம். உச்சிவரை ஏறி, பாஸை, அதாவது அந்த இடத்தின் பெரிய எதிரியைக் கொன்றுவிட்டு, பின்னால் இருக்கிற லிஃப்டில் ஏறினால் அது இன்னும் மேலே போகிறது. கதவு திறந்து வெளியே வந்தால் எரிமலைக் குழம்பில் பாதி முங்கிக் கிடக்கும் ஒரு இரும்புக் கோட்டை. கோபுரத்தை வெளியிலிருந்து பார்த்தபோது அதற்கு மேலே வானம்தான் இருந்தது. வானத்துக்குள் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வந்தது? உருவாக்கத்தின் நடுவில் கேம் பெரிய அளவில் மாற்றியமைக்கப்பட்டது என்று தனிமுரா பிறகு பேட்டியில் சொல்லியிருக்கிறார், தனித்தனியாகச் செய்த இடங்களைக் கடைசி நேரத்தில் ஒட்டிய மாதிரித்தான் அது இருக்கிறது. கதைக்குள்ளேயே நினைவு தப்பிய ஒருவன் நடக்கிற வழியில் பாதி மறந்துபோனதாக எடுத்துக்கொள்ளலாம் என்று ரசிகர்கள் முட்டுக் கொடுப்பதும் உண்டு. அழகான முட்டுதான். ஆனால் லிஃப்டில் ஏறும்போது எனக்கு அந்த எண்ணம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது.

ஆனாலும் அந்த லிஃப்ட் பெரிய குற்றமில்லை என்பதே என் கட்சி. இடங்கள் பொருந்தாததைவிட, அவை பொருந்தவேண்டிய தேவையே இல்லாமல் போனதுதான் குற்றம். முதல் பாகத்திலும் ஒரு லிஃப்ட் உண்டு. ஃபயர்லிங்க் ஷ்ரைனிலிருந்து கிளம்பி, மேலே இருக்கிற பாழடைந்த ஊருக்குள் புகுந்து, பாலத்தில் டிராகன் நெருப்பில் வெந்து, தேவாலயம் வரை எத்தனையோ மணி நேரம் முட்டி மோதி ஏறுகிறீர்கள். அங்கே ஓரமாக ஒரு லிஃப்ட். அது கீழே இறங்குகிறது, இறங்கிக்கொண்டே இருக்கிறது, இசை மாறுகிறது, வெளியே வந்தால் கிளம்பிய அதே ஃபயர்லிங்க். முதல் முறை அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அத்தனை தூரம் வந்துவிட்டதாக நினைத்தேனே, வீட்டு மாடிக்குத்தான் போயிருக்கிறேன்!

அந்த நிம்மதிக்குக் காரணம் இருக்கிறது. முதல் பாகத்தில் பாதிக் கதை முடிந்து லார்ட்வெசல் என்ற கலம் கைக்கு வரும்வரை பான்ஃபயரிலிருந்து பான்ஃபயருக்குத் தாவ முடியாது. எல்லாம் நடைதான். நடந்தே ஆகவேண்டும் என்றால் உலகம் மடங்கித் திரும்பி வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் யாரும் விளையாட மாட்டார்கள். டூம் ஆஃப் த ஜயன்ட்ஸில் ஒரு விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் தூரத்தில் எரிமலைக் குழம்பு தெரியும், அது நீங்கள் பிறகு போகப்போகிற இடம். அந்த உலகம் ஒரு மூட்டை மாதிரி இறுக்கமாகக் கட்டப்பட்டது. இரண்டாம் பாகத்தில் முதல் பான்ஃபயரிலிருந்தே எங்கே வேண்டுமானாலும் தாவலாம். மஜூலா என்ற கடலோர ஊர் உள்ளங்கை, மற்ற வழிகள் எல்லாம் விரல்கள். விரல் நுனிவரை போய்ப் பெரிய பாஸைக் கொன்றால் அங்கே இருக்கிற பான்ஃபயரே உங்களைத் தூக்கி உள்ளங்கையில் போட்டுவிடும். வசதிதான், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் அந்த வழியை நான் ஒருதரம்தான் பார்க்கிறேன், ஒருதரம் பார்த்த வழி எப்படி மனதில் நிற்கும்?

மூன்றாவது பாகமும் முதலிலிருந்தே தாவ விடுகிறது, அதன் உலகமும் ஏறக்குறைய ஒரே நேர்க்கோடு. அதை ஏன் யாரும் திட்டுவதில்லை? நான் இதை நிறைய யோசித்திருக்கிறேன். அங்கே கோடு நேராக இருந்தாலும் பார்வை தொடர்கிறது. மேலே கோட்டைச் சுவரில் நின்று பார்த்த இடத்துக்கு அப்புறம் இறங்கிப் போகிறோம், கீழே வந்து நிமிர்ந்தால் கிளம்பிய சுவர் தெரிகிறது. நடுப்பிள்ளையில் பல இடங்களில் ஒரு சுரங்கம் அல்லது ஒரு லிஃப்ட், அந்தப் பக்கம் வேறு வானிலை. வெயிலில் நுழைந்து மழையில் வெளியே வருகிறோம்.

இரண்டாவது குற்றம் அளவில் இதைவிடச் சின்னது, எரிச்சலில் இதைவிடப் பெரியது. அடாப்டபிலிட்டி.

இந்த வரிசையில் உருளுதல் என்பது உயிர். எதிரியின் வாள் வரும் நொடியில் உருண்டால், அந்த உருளலின் சில ஃபிரேம்களுக்கு, அதாவது நொடியின் ஒரு சின்னத் துண்டுக்கு, உங்கள் மேல் எதுவும் படாது. முதல் பாகத்தில் அது நீங்கள் சுமக்கிற எடையைப் பொறுத்தது: தாங்கக்கூடிய சுமையில் கால்பங்குக்குள் இருந்தால் வேகமாக உருளலாம், பாதிக்குள் இருந்தால் நடுத்தரம், அதற்கு மேல் மூட்டை உருள்கிற மாதிரி. திரையில் பார்த்தாலே தெரிந்துவிடும். கவசம் கனம், அதனால் உருளல் மந்தம், இதில் புரியாதது ஒன்றுமில்லை. இரண்டாம் பாகத்தில் எடை உருளும் தூரத்தைத்தான் மாற்றுகிறது. அடி படாத ஃபிரேம்கள் எத்தனை என்பதை ஏஜிலிட்டி என்ற இன்னொரு எண் தீர்மானிக்கிறது, லெவல் ஏற்றும்போது கூட்டுகிற திறன்களில் அடாப்டபிலிட்டியையும் அட்யூன்மென்டையும் கூட்டினால் அந்த எண் ஏறும். உயிர் ஏற்றும் எஸ்டஸ் மருந்தைக் குடிக்கிற வேகம்கூட அதைப் பொறுத்ததுதான். இதைக் கேம் வாயைத் திறந்து சொல்வதில்லை. லெவல் ஏற்றும் திரையில் ஒரு மூலையில் பொத்தாம்பொதுவான ஒரு வரி, அவ்வளவுதான். புதிதாக வருகிறவர் இயல்பாகவே உயிரிலும் பலத்திலும் போடுவார். விஷயம் தெரிந்தவர் முதல் வேலையாக ஏஜிலிட்டியை 105-க்குக் கொண்டுபோவார்.

இதில் அநியாயம் என்று நான் நினைப்பது கஷ்டத்தை இல்லை. முதல் பாகத்தில் செத்தால் "தப்பு என்னுடையது" என்று எனக்குத் தெரியும். சீக்கிரம் உருண்டுவிட்டேன், பேராசைப்பட்டு இன்னொரு வெட்டுப் போட்டேன், ஏதோ ஒன்று. அந்த நம்பிக்கைதான் நாற்பதாவது முறையும் கதவைத் திறக்க வைக்கிறது. இங்கே சரியாக உருண்டேன் என்று கைக்குத் தெரிகிறது, ஆனாலும் வாள் பட்டுவிட்டது. தப்பு என்னுடையதா, எண்ணுடையதா? ஒருமுறை இந்தச் சந்தேகம் வந்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சாவிலும் அது கூடவே வந்து நிற்கிறது, நிஜமாகவே என் தப்பாக இருந்த சாவுகளிலும் நான் கேமைத் திட்டினேன். முதல் ஆட்டத்தில் லாஸ்ட் பாஸ்டீல் சிறைக்குள் ருயின் சென்டினல்ஸ் மூன்று பேரிடமும் செத்துச் செத்து, எதற்காகச் சாகிறேன் என்றே தெரியாமல் இரண்டு வாரம் கேமை மூடி வைத்திருந்தேன். பிறகு யாரோ ஏஜிலிட்டி பற்றி எழுதியிருந்ததைப் படித்து, அதில் ஒரு பத்துப் பதினைந்து லெவலைக் கொட்டிவிட்டுப் போனால் மூன்றாவது முயற்சியில் முடிந்தது. சந்தோஷமே இல்லை. நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லையே, வரி கட்டியிருக்கிறேன்.

இதே சந்தேகம் வேறு ரூபத்திலும் வந்தது. கணினியில் நொடிக்கு 60 ஃபிரேமில் ஆடினால் ஆயுதங்களின் தேய்மானம் இரண்டு மடங்கு வேகமாக நடந்தது, 30 ஃபிரேமுக்கு என்று எழுதிய கணக்கு அது. 2015-இல்தான் சரிசெய்தார்கள். அதுவரை எத்தனையோ பேர் "இந்தக் கேமில் வாள் சீக்கிரம் உடையும், அதுதான் வடிவமைப்பு" என்று நினைத்தே ஆடியிருப்பார்கள்.

பாஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றிலும் இதில்தான் எண்ணிக்கை அதிகம், பிறகு தனியாக வந்த கூடுதல் பகுதிகளான டிஎல்சியையும் சேர்த்தால் ஏறத்தாழ 40. மற்ற இரண்டும் 25-ஐ ஒட்டி நிற்கின்றன. பெரிய கவசம் போட்ட மனிதன் ஒருவன், பெரிய ஆயுதம் ஒன்று, இப்படியே ஒரு டஜன். முதல் பாகத்தில் தேவாலயக் கூரைமேல் இரண்டு கார்காயில்கள் வந்தன, பயந்தோம். இங்கே அதையே கூட்டமாக விட்டிருக்கிறார்கள். முதல் பாகத்து பாஸான ஆர்ன்ஸ்டைனை வேறு நிறத்தில், கூட்டாளி ஸ்மௌ இல்லாமல், தொடக்கத்திலேயே ஒரு கோயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். எலிக் கூட்டம் ஒரு பாஸ். கவட்டஸ் டீமனைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. மூன்றாவது பாகத்தின் நேம்லெஸ் கிங், சிஸ்டர் ஃப்ரீடா, கேயல் இவர்களோடு வைத்துப் பார்த்தால், டிஎல்சியில் வருகிற ஃப்யூம் நைட்டையும் சர் அலோனையும் தவிர வேறு யாரையும் பக்கத்தில் நிறுத்த முடியாது. ஒரே ஒரு விதிவிலக்கு, கொட்டும் மழையில் லுக்கிங் கிளாஸ் நைட். கண்ணாடிக் கேடயத்தைத் தரையில் ஊன்றி, அதற்குள்ளிருந்து நிஜமான இன்னொரு ஆட்டக்காரரையே உங்களுக்கு எதிராக வெளியே இழுப்பான். இந்த யோசனை வந்தவருக்கு ஒரு வணக்கம்.

அப்புறம் வெளிச்சம். 2013-இல் காட்டிய முன்னோட்டங்களில் இருட்டு நிஜமான இருட்டாக இருந்தது, தீப்பந்தம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வெளிவந்த கேமில் அந்த ஒளியமைப்பு இல்லை, தீப்பந்தம் மட்டும் மிச்சம். பெரும்பாலான இடங்களில் அதை ஏற்றவேண்டிய அவசியமே வராது. இருந்தாலும் நோ-மேன்ஸ் வார்ஃபில் நீண்ட கையோடு இருட்டில் பதுங்கியிருக்கும் ஜந்துக்கள் வெளிச்சத்தைக் கண்டு ஒதுங்குவதைப் பார்க்கும்போது, என்ன செய்ய நினைத்தார்கள் என்பது புரிகிறது. அதே எர்தன் பீக்கில் காற்றாலையின் ஓரிடத்தில் தீப்பந்தத்தை வைத்தால் அது எரிந்து, பாஸ் அறையில் நிரம்பியிருக்கும் விஷம் வடிந்துவிடும். இதற்கு ஒரு குறிப்புகூட இல்லை. இரண்டாவது முறை ஆடும்போதுதான் எனக்கே தெரிந்தது, முதல் முறை விஷத்தில் நின்றுகொண்டே அந்த பாஸைக் கொன்றிருக்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஏன் நான்கு முறை?

முதல் காரணம் ரொம்பச் சாதாரணமானது. மற்ற இரண்டையும் மறுபடி ஆடினால் அதே கேமைத்தான் ஆடுகிறேன். இதை ஆடினால் வேறொன்று. இரண்டு கைகளிலும் ஆயுதம் பிடித்து, பலம் முதலிய திறன்களைப் போதுமான அளவுக்கு ஏற்றிவிட்டால் இரண்டையும் சேர்த்து வீசும் பவர் ஸ்டான்ஸ் இங்கேதான் வந்தது. சோல் வெசல் என்ற பொருள் ஒன்று இருந்தால் போட்ட லெவல்களை எல்லாம் கலைத்து முதலிலிருந்து அடுக்கலாம். முதல் பாகத்தில் தப்பாக ஏற்றினால் ஏற்றியதுதான். சாபவித்தைக்காரனாக ஒருமுறை, இரண்டு பெரிய கதாயுதங்களோடு ஒருமுறை, கேடயமே இல்லாமல் ஈட்டியோடு ஒருமுறை, வெறும் முஷ்டியோடு ஒருமுறை என்று ஆடியிருக்கிறேன், நான்கும் வேலை செய்தன. மூன்றாவது பாகத்தில் எதை எடுத்தாலும் கடைசியில் ஒரு நேரான வாளும் உருளலும் என்றே வந்து முடிகிறது, எனக்காவது அப்படித்தான்.

நியூ கேம் பிளஸ்ஸையும் ஒழுங்காகச் செய்தது இந்த ஒன்றுதான். மற்றவற்றில் இரண்டாம் சுற்று என்றால் எதிரிகளின் உயிரும் அடியும் கூடும், பெரும்பாலும் அவ்வளவுதான். இங்கே முன்பு யாரும் இல்லாத மூலையில் சிவப்பு ஆவி ஒன்று நிற்கும். லாஸ்ட் சின்னர் என்ற பாஸோடு தனியாகச் சண்டை போட்டுப் பழகிப்போய் நம்பிக்கையோடு உள்ளே நுழைந்தேன், நெருப்பு வித்தைக்காரர்கள் இருவர் அவளோடு சேர்ந்து வந்தார்கள். சிரித்துக்கொண்டே செத்தேன். முழுதாக இரண்டாம் சுற்று போகப் பொறுமை இல்லையென்றால் பான்ஃபயர் அசெட்டிக் என்ற பொருளை நெருப்பில் போட்டு ஒரே ஒரு இடத்தை மட்டும் அடுத்த சுற்றின் கடினத்துக்கு உயர்த்தலாம், பாஸும் உயிரோடு திரும்பி வரும். நேர்மாறாக, ஒரே எதிரியைப் பத்துப் பதினைந்து முறை கொன்றால் அவன் அப்புறம் வருவதே இல்லை. இதைக் கோழைகளுக்கான வசதி என்பார்கள். எனக்கு அது வேறு மாதிரி உறுத்தியது. பாஸ் அறைக்குப் போகிற வழியைச் செத்துச் செத்தே காலி செய்துவிட்டு, ஆளே இல்லாத தாழ்வாரத்தில் தனியாக நடந்து போனேன். வெற்றி மாதிரியே இல்லை.

எல்லா யோசனையும் தேறியது என்று சொல்ல மாட்டேன். சாகச் சாக மொத்த உயிர் குறைந்துகொண்டே போய்ப் பாதியில் நிற்கும், மீட்க ஹ்யூமன் எஃபிஜி என்ற பொருள் வேண்டும். டீமன்ஸ் சோல்ஸில் செத்தால் உயிர் பாதியாகும் பழைய வழக்கத்தின் மறுபதிப்பு, திணறுகிறவனை இன்னும் அமுக்குகிற வேலை. அதைவிட மோசம் சோல் மெமரி. ஆன்லைனில் யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதை லெவலை வைத்துப் பார்க்காமல், மொத்தமாக எத்தனை சோல் சம்பாதித்தீர்கள் என்பதை வைத்துப் பார்ப்பது. சம்பாதித்து, செத்துத் தொலைத்ததும் கணக்கில் சேரும்! அதிகமாகத் தோற்றவனை அதிகமாகப் பலம் கொண்டவர்களோடு கோர்த்துவிடும் கணக்கு. பிறகு சோல்கள் இந்தக் கணக்கில் ஏறாமல் தடுக்கும் அகபே மோதிரம் என்று ஒன்றைக் கொடுத்துச் சமாளித்தார்கள்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப வருவதற்கு நிஜக் காரணம் கேமின் மனநிலை என்று நினைக்கிறேன். முதல் பாகம் அணைந்துகொண்டிருக்கும் நெருப்பைப் பற்றியது, மூன்றாவது அந்த நெருப்பின் சாம்பலைப் பற்றியது. இது மறதியைப் பற்றியது. சாகாமல் இருக்கிறவர்கள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே போகிறார்கள். லூகாட்டியேல் என்று முகமூடி போட்ட ஒரு வீராங்கனை வழியில் இங்கும் அங்கும் தென்படுவாள், பாஸ் சண்டைகளுக்குத் துணைக்குக் கூப்பிடலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் அவள் பேச்சில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். கடைசியாகப் பார்க்கும்போது தன் பெயரைச் சொல்லி, நானே மறந்துவிடக்கூடும், நீயாவது நினைவில் வைத்துக்கொள் என்று கேட்பாள். முதல் பாகத்தில் சோலேர் என்ற வீரனை எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும்தான். ஆனால் அவளை நான்கு ஆட்டத்திலும் எல்லாச் சண்டைக்கும் கூப்பிட்டேன், அவள் உயிரோடு இருக்கவேண்டுமே என்று என் உயிரைக் கொடுத்து நடுவில் புகுந்து அடி வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் அரசன் வென்ட்ரிக். அரசனைத் தேடு, அரசனைத் தேடு என்று கேம் முழுக்கச் சொல்கிறார்கள். கோட்டைக்குப் போனால் அங்கே இல்லை. கல்லறைக்குள் இறங்கி, அவனைக் காக்கும் வெல்ஸ்டாட்டை முட்டி மோதிக் கொன்று, அடுத்த அறைக்குள் நுழைகிறோம். இதுவரை பழகிய பழக்கத்தில் கை கேடயத்துக்குப் போகிறது, பெரிய பாஸ் வரப்போகிறது. உள்ளே ஒரு ராட்சத உருவம் ஏறக்குறைய துணியின்றி, வாளைத் தரையில் இழுத்துக்கொண்டு, வட்டமாக நடந்துகொண்டிருக்கிறது. அவனுடைய கவசம் ஓரமாக வைத்திருக்கிறது. நம்மைத் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. நாம் சில அடி அடித்தால் ஒழியச் சண்டைக்கே வரமாட்டான். எடுக்கவேண்டிய மோதிரத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறலாம். முதல் பாகத்தின் கடைசி பாஸான க்வின்னைப் பார்க்கும்போது மெல்லிய பியானோ ஒலிக்கும், அங்கே நாம் சண்டை போட்டுத்தான் ஆகவேண்டும். மூன்றாவது பாகத்தின் கடைசி பாஸ் அதே பியானோவைத் திரும்பக் கொண்டுவந்து நம் தொண்டையை அடைக்கும். கேட்டதும் கலங்கினேன், ஆனால் கலங்க வைத்தது பழைய கடன்தானே. வென்ட்ரிக் அறையில் யாரிடமும் கடன் வாங்கவில்லை. இந்த வரிசையிலேயே எனக்குப் பிடித்த காட்சி அது, பலவீனமான பாகத்தில் இருக்கிறது, என்ன செய்ய?

இந்தக் கடன் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மூன்றாவது பாகம் முதல் பாகத்தின் மேல் நிறையவே சாய்ந்து நிற்கிறது. முதல் பாகத்து நகரமான ஆனோர் லாண்டோவுக்கே நம்மைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகும். அப்போது எல்லோரும் கை தட்டினோம். முதல் பாகத்துக்கும் பாதிக்கு மேல் மூச்சு வாங்கும்: லாஸ்ட் இசலித்தில் டிராகன்களின் பின்பாதியை மட்டும் வெட்டி வரிசையாக நட்டு வைத்த மாதிரி ஒரு குழம்பு மைதானம், கடைசியில் பெட் ஆஃப் கேயாஸ் என்ற குதித்து விழுந்து சாகிற பாஸ். பிளைட்டவுன் என்ற இடத்தில் கன்சோல்கள் திணறிய திணறலும், 2012-இல் வந்த கணினிப் பதிப்பு 30 ஃபிரேமில் கட்டப்பட்டுக் கிடந்ததும் அந்தக் காலத்தில் ஆடியவர்களுக்கு மறந்திருக்காது. அதை எல்லாம் மன்னித்தோம், ஏனென்றால் அதற்கு முன்னால் அந்த லிஃப்ட் இறங்கியிருந்தது. நடுப்பிள்ளைக்கு அப்படி மன்னிப்பு வாங்கித் தருகிற தருணம் முதல் பத்து மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை. மஜூலாவின் மாலைவெயில் இருக்கிறது, அந்த இசை இருக்கிறது, உலகம் முழுக்க எத்தனை பேர் எத்தனை முறை செத்தார்கள் என்று எண்ணிக் காட்டும் கல் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் முதலில் கிடைப்பது சுமாரான சண்டைகள்தான். நல்லவை எல்லாம் ஆழத்தில் கிடக்கின்றன. அதுவரை பொறுக்காமல் போனவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த நல்லவை வீணாகவும் போகவில்லை. 2022-இல் எல்டன் ரிங் வந்தபோது இரண்டு கையிலும் ஒரே வகை ஆயுதத்தைப் பிடித்து இடது பொத்தானை அழுத்தினேன், இரண்டும் சேர்ந்து வீசின. அட, பவர் ஸ்டான்ஸ்! எட்டு வருடம் கழித்து, பெரிய நிபந்தனை எதுவும் இல்லாமல். போட்ட லெவலைக் கலைத்து அடுக்கும் வசதியும் அங்கே உண்டு. ஏஜிலிட்டி இல்லை, நல்லவேளை. மூன்றாவது பாகத்தின் கடைசி டிஎல்சியான தி ரிங்டு சிட்டியில் உலகங்கள் எல்லாம் இடிந்து ஒன்றின்மேல் ஒன்று குவிந்து கிடக்கும். அந்தக் குவியலுக்குள் இரண்டாம் பாகத்திலிருந்து ஒரு இடத்தைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். எது தெரியுமா? எர்தன் பீக். எத்தனையோ அழகான இடங்கள் இருக்க, அந்தக் காற்றாலையைத்தான். வேண்டுமென்றே செய்த குறும்பு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

ஆடலாம் என்று யாராவது நினைத்தால், இப்போது எளிதில் கிடைப்பது 2015-இல் வந்த ஸ்காலர் ஆஃப் த ஃபர்ஸ்ட் சின் பதிப்பு. மூன்று டிஎல்சியும் அதற்குள்ளேயே வரும். எதிரிகளை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், ஹெய்ட் கோபுரத்தில் ஒரு டிராகனை உட்கார வைத்திருக்கிறார்கள், பர்சூயர் என்ற பாஸ் எதிர்பாராத இடங்களிலெல்லாம் வந்து குதிக்கிறான், ஆல்டியா என்று புதிதாக ஒருவர் வந்து கதையைக் கொஞ்சம் தெளிவாக்குகிறார். எதிரிகள் மந்தை மந்தையாக வருவது சில இடங்களில் பழைய பதிப்பைவிட அதிகம், அயர்ன் கீப் வாசலில் அதற்குத் தயாராகப் போங்கள். எது செய்தாலும் முதல் 20 லெவலில் ஒரு பங்கு அடாப்டபிலிட்டிக்குப் போகட்டும். கேம் சொல்லாது, நான் சொல்கிறேன்.

டிஎல்சி மூன்றும் மூலக் கேமைவிட ஒருபடி மேல். குறிப்பாகப் புதைந்த நகரத்தின் கதவுகளும் மேடைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சுற்றிப்போய்க் கிளம்பிய இடத்துக்கே வருகிற விதம் முதல் பாகத்தின் பிள்ளை என்று சொல்ல வைக்கும். ஆக, தெரியாமல் இல்லை, தெரிந்தவர்கள்தான். இந்த நான்காவது ஆட்டத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர: ஐவரி கிங் டிஎல்சியில் ஃப்ரிஜிட் அவுட்ஸ்கர்ட்ஸ். எதுவும் தெரியாத பனிப்புயலில் நடக்கவேண்டும், புயலுக்குள்ளிருந்து குதிரை மாதிரி ஒன்று பாய்ந்து வந்து மின்னலால் அடிக்கும், ஒன்றைக் கொல்வதற்குள் அடுத்தது, வழியில் பான்ஃபயர் கிடையாது. அதையெல்லாம் தாண்டி உள்ளே போனால் பாஸ் யார் என்றால், அதே டிஎல்சியில் ஏற்கெனவே கொன்ற புலி. இந்தமுறை இரண்டு. மூன்று முறை ஆடும்போதும் "அடுத்த முறை" என்று விட்டுவிட்டேன். நான்காவது முறையும் விட்டாயிற்று.